சிறந்த அடிக்கான விருது

பலெர்மோவில் வீட்டு வேலை செய்த பிலிப்பினோக்கள் ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு திரைப்பட விழா நடத்தினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நான் அதற்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போனவர், நான் வேலை செய்த வீட்டிலேயே தங்கி வேலை செய்த ஒரு பிலிப்பினோப் பெண். அந்த விழாவில் அவருக்கு ஒரு விருது கொடுத்தார்கள். அதோடு அவருக்கு ஒரு காது போயிற்று.

வீடு பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தாப் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் மாடி, முழுக்கப் பளிங்குத் தரை. சொந்தக்காரி ஒரு நொத்தாரிசின் விதவை, எழுபதைத் தாண்டியவள். நாங்கள் அவளைச் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டோம். நான் நாங்கள் குடியிருந்த பிரான்காச்சோவில் இருந்து காலை பஸ்ஸில் போய், தரை துடைத்து, உடுப்புத் தோய்த்து மினுக்கி வைத்துவிட்டு மத்தியானம் திரும்பிவிடுவேன். பிலிப்பினோப் பெண் சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் படுத்தெழும்பி, சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, உடுத்தாட்டி, சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். நாற்பது வயதைக் கடந்திருப்பார். அவர்களுடைய பாஷையில் அக்காவை 'ஆத்தே' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என் கணவருக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். "உம்மடை ஆத்தை இண்டைக்கு என்ன சொன்னவா?" என்று கேட்பார்.

அந்தக் காலத்தில் பலெர்மோவில் வேலைக்காரிக்குப் பெயரே பிலிப்பினா. எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் பிலிப்பினாதான். சிஞ்ஞோரா தன்னைப் பார்க்க வந்தவர்களுக்கு எங்களைக் காட்டி, "இது என்ரை பிலிப்பினா. அது என்ரை இலங்கைப் பிலிப்பினா" என்பாள். வந்தவர்கள் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்லது என்று தலையாட்டுவார்கள்.

சிஞ்ஞோரா அடிப்பாள். என்னை அடித்ததில்லை. நான் மத்தியானத்தோடு புருசனிடம் போகிறவள். போக்கிடம் இல்லாத ஆத்தேயைத்தான் அடிப்பாள். குளிக்கிற தண்ணீர் சுட்டால் தலைவாரும் பிரஷ்ஷின் பின்பக்கத்தால் புறங்கையில். சூப்பில் உப்புக் குறைந்தால் கரண்டியால் விரல் மொளியில். கோபப்பட்டுக் கத்தி அடிக்கிற ஆள் இல்லை. ஆறுதலாக, "கையைத் தா" என்பாள். ஆத்தே கையை நீட்டுவார். அடித்து முடிந்ததும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடச் சொல்லுவாள்.

முதன்முதல் அதைப் பார்த்த அன்று சமையலறையில் வைத்து ஆத்தேயிடம் கேட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இத்தாலியன்தான். அதை இங்கே என் பேச்சில் எழுதுகிறேன்.

"ஏன் ஆத்தே கையைக் குடுக்கிறீங்கள்?"

"குடுக்காட்டில் முகத்திலை அடிப்பா. முகம் எனக்கு வேணும். நான் நடிகை."

பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. மணிலாவில் இளம் வயதில் இருந்தே படங்களில் நடித்திருக்கிறார். கதாநாயகியாக இல்லை, தோழியாகக்கூட இல்லை. பணக்கார வீட்டுக் கதைகளில் எசமானியிடம் அடி வாங்கும் வேலைக்காரியாக. அவர்களுடைய படங்களில் ஒருத்தி இன்னொருத்தியைக் கன்னத்தில் அறையாமல் கதை நகராதாம். பெரிய நடிகைகளுக்கு ஆத்தேயை அடிப்பது வசதி. சரியான நேரத்தில் முகத்தைத் திருப்புவார், சரியான இடத்தில் விழுவார், ஒரே தடவையில் காட்சி முடிந்துவிடும்.

"நோகாதோ?"

"நல்ல நடிகையின்ரை கை முகத்திலை படாது. காத்து மட்டும்தான் வரும். மிச்சம் என்ரை வேலை. சத்தத்தைப் பிறகு வேறை ஆக்கள் போடுவினம்."

என் கையிலிருந்த உடுப்பை வாங்கி வைத்துவிட்டு, தன் கன்னத்துக்கு நேரே கையை வீசச் சொன்னார். வீசினேன். என் விரல் அவரைத் தொடவே இல்லை. ஆனால் தலை ஒரு சுழற்று சுழன்று, தோள் கதவில் மோதி, அவர் தரையில் கிடந்தார். நான் ஓடிப்போய்க் குனிந்தேன். கிடந்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அடுத்த அறையில் சிஞ்ஞோராவின் மணி கேட்டதும் எழும்பி ஓடினார்.

ஒரே ஒரு படத்தில் அவருக்கு ஒரு வசனம் இருந்தது. வேலைக்காரி சூப்பைச் சிந்திவிடுகிறாள். எசமானி அறைகிறாள். விழுந்து கிடக்கிற வேலைக்காரி நிமிர்ந்து பார்த்து, "அம்மா, உங்கடை கை நோகுதோ?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான். அந்தக் காட்சி எடுத்து முடிந்ததும் கமெரா பிடித்தவரே கண்ணைத் துடைத்தார் என்று ஆத்தே சொன்னார். ஆனால் படம் பாதியில் நின்றுவிட்டது. அவருக்கும் வயது போய்விட்டது, வேறு படம் கிடைக்கவில்லை, ஏஜென்சிக்காரனைப் பிடித்து இத்தாலிக்கு வந்துவிட்டார். பல வருடம் கழித்து அந்தப் படத்தை யாரோ முடித்து மணிலாவின் நத்தார் விழாவில் விட்டார்களாம். எசமானியாக நடித்தவளுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்ததாம். தங்கச்சி போனில் சொன்ன நாளில் இருந்து ஆத்தே அந்தக் கசெட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மணிலாவில் நத்தார் தொடங்கிப் புதுவருடம் கழியும்வரை தியேட்டர்களில் வெளிநாட்டுப் படம் ஓடாதாம். அவர்களுடைய படங்கள் மட்டும்தான். நடிகர்கள் சோடித்த லொறிகளில் ஊர்வலம் போவார்கள், கடைசியில் விருது கொடுப்பார்கள். அப்படிப் பழகிய சனம் பலெர்மோவுக்கு வந்தும் அதை விடவில்லை. லிபெர்த்தாவில் ஒரு தேவாலயத்துக்குக் கீழே இருந்த மண்டபத்தைச் சாமியாரிடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். மணிலாவில் போன நத்தாருக்கு ஓடிய படங்கள், ஊருக்குப் போய் வந்தவர்களின் சூட்கேசுகளில் வீடியோ கசெட்டாக வந்து, இந்த நத்தாருக்கு இங்கே ஓடும். இங்கே விற்கும் வீடியோ டெக்கில் அந்தக் கசெட்டைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகி மேலும் கீழும் குதிக்கும். அதற்கென்று வேறு டெக் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நத்தார் அன்று எல்லோரும் எசமானர் வீட்டில் பரிமாற வேண்டும். ஆகவே விழா மறுநாள் தொடங்கும். ஜனவரி ஆறாம் திகதி, மூன்று ராசாக்கள் திருநாளன்று, விருதுகளோடு முடியும். எல்லாம் பின்னேரத்தில்தான். இராச் சாப்பாட்டுக்கு மேசை போட ஆட்கள் திரும்பிப் போக வேண்டும்.

விருதுக்குக் கைதூக்கி வாக்களிப்பார்கள். நடிகர்கள் மணிலாவில் இருப்பதால், அவர்களுக்குப் பதிலாக இங்குள்ள ஒருவர் அதேபோல உடுத்துக்கொண்டு மேடைக்கு வந்து, அழுது, நன்றி சொல்லி வாங்குவார். சனம் படங்களைவிட அதைத்தான் விரும்பியது. விழாவின் தலைவி ஊரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர், இங்கே ஒரு பல்வைத்தியர் வீட்டில் வேலை. ஆத்தே நடித்த கதையை அவர் நம்பவில்லை.

"இஞ்சை வந்த எல்லாரும் ஊரிலை பெரிய ஆக்கள்தான்," என்று என் முன்னாலேயே ஒருமுறை சொன்னார். "ஒருத்தியாவது ஊரிலையும் கக்கூஸ் கழுவினனான் எண்டு சொல்லுறாளோ?"

நான் முதல் தடவை போன வருடம் கசெட் வந்துவிட்டது. ஆத்தே அதை யாரிடமும் முதலில் போட்டுப் பார்க்கக் கொடுக்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்துதான் தானும் பார்ப்பேன் என்றார். அதே வருடம் சாமியார் ஒரு வேலை செய்தார். வேலை கொடுப்பவர்களும் விழாவுக்கு வந்து தங்கள் பெண்களைக் கௌரவிக்க வேண்டும் என்று பூசையில் சொன்னார். பெரும்பாலானவர்கள் வரவில்லை. சிஞ்ஞோரா வந்தாள். முன்வரிசையில் கதிரை போடுவோம் என்று சாமியார் சொல்லியிருந்தார்.

மண்டபம் முழுக்கப் பெண்கள். பொரித்த றோல்களும் நூடில்ஸும் மணத்தன. சிஞ்ஞோரா மென்மயிர்க் கோட்டைக் கழற்றாமல் முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் ஆத்தே குனிந்து குனிந்து கதையை இத்தாலியனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்வரிசையில். படம் என்ன சொல்கிறது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சூப்புக் கோப்பை திரையில் வந்ததும் விளங்கியது. அங்கே ஆத்தே நின்றார். மெலிந்து, கறுத்த பின்னலோடு, இருபது வயதுக்காரி மாதிரி. அறை விழுந்தது. அவர் விழுந்தார். நிமிர்ந்து பார்த்து அந்த வசனத்தைச் சொன்னார்.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. என் பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருமே கோப்பை ஏந்துகிறவர்கள்தானே.

அப்போது சிஞ்ஞோரா சிரித்தாள். உரத்த சிரிப்பு. "அங்கை பாருங்கோ, அது என்ரை ஆள்," என்று திரையைக் காட்டினாள். "அங்கையும் சூப்பைச் சிந்தியிருக்கிறாள்." சாமியாரும் சிரித்தார். முன்வரிசை சிரித்தது. பிறகு எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாமல் முழு மண்டபமும் சிரித்தது. வாயைப் பொத்தியிருந்தவளும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

யாரோ "திரும்பப் போடு" என்றார்கள். டெக்கில் இருந்தவன் பின்னுக்குச் சுற்றினான். பின்னுக்குச் சுற்றும்போது படம் தலைகீழாக ஓடியது. தரையில் கிடந்த ஆத்தே எழும்பி வந்து தன் கன்னத்தைக் கொண்டுபோய் அந்தக் கையில் ஒட்டினார். அதற்கு இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். திரும்பத் திரும்பப் போட்டார்கள். அறை, விழுதல், எழும்புதல், அறை. வசனம் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆத்தே முதலில் சிரிக்கவில்லை. பிறகு சிஞ்ஞோரா அவருடைய முழங்கையைத் தட்டினாள். ஆத்தேயும் சிரித்தார்.

அடுத்த நாள் காலையில் அவர் தக்காளி வெட்டிக்கொண்டிருந்தார். "வடிவா இருந்தனீங்கள் ஆத்தே," என்றேன்.

"படத்தைக் கண்டவைதானே," என்றார். "தலைவி இனி நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லமாட்டா."

ஜனவரி ஆறாம் திகதி என் கணவரும் வந்தார். அவருக்குப் பிலிப்பினோச் சாப்பாடு பிடிக்கும். விருதுகள் வழக்கம்போல நடந்தன. சிறந்த நடிகை விருது, மணிலாவில் போலவே, எசமானியாக நடித்தவளுக்கு. அவளுக்குப் பதிலாகத் தலைவியே மினுமினுக்கும் நீண்ட சட்டையில் வந்து, கையில் பூவோடு அழுது வாங்கினார். நன்றாகத்தான் செய்தார். பிறகு ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, இந்த வருடம் புதிதாக ஒரு விருது இருக்கிறது என்றார். சிறந்த அடிக்கான விருது.

தரை துடைக்கும் றப்பர் கையுறைக்குள் சாந்து நிரப்பி, காயவிட்டு, பொன்நிறம் பூசியிருந்தார்கள். ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு நின்றன. அதைக் கண்டதும் மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆத்தேயை மேடைக்குக் கூப்பிட்டார்கள். விருதைக் கொடுக்கச் சிஞ்ஞோராவையும் கூப்பிட்டார்கள்.

ஆத்தே தன்னிடமிருந்த நல்ல நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பேசுவதற்கு ஏதோ ஆயத்தம் செய்திருந்தார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை. தலைவி சிஞ்ஞோராவின் பக்கம் திரும்பி இத்தாலியனில் கேட்டார்.

"சிஞ்ஞோரா, அந்தக் காட்சியை எங்களுக்கு ஒருக்கால் செய்து காட்டுவீங்களோ?"

சிஞ்ஞோரா வெட்கப்பட்டாள். தன்னால் முடியாது, தான் நடிகை இல்லை என்றாள். சனம் கைதட்டியது. இரண்டாவது தடவை கேட்டதும் கைப்பையைச் சாமியாரிடம் கொடுத்தாள். ஆத்தே அவள் காதருகே குனிந்து, தொட வேண்டாம், கையை மட்டும் வீசுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

"எனக்குத் தெரியும்," என்றாள் சிஞ்ஞோரா.

ஆத்தே நேராக நின்றார். கையில் இல்லாத கோப்பையை ஏந்துவதுபோல இரண்டு கையையும் பிடித்தார். சிஞ்ஞோரா விரித்த உள்ளங்கையால், மோதிரங்களோடு, அவருடைய இடது கன்னத்தையும் காதையும் சேர்த்து அறைந்தாள். அந்தச் சத்தத்துக்கு வேறு ஆட்கள் தேவைப்படவில்லை. ஆத்தே முகத்தைத் திருப்பவில்லை. திருப்ப நேரம் கிடைக்கவில்லையோ, அவள் உண்மையாக அடிப்பாள் என்று நம்பவில்லையோ தெரியாது. ஒரு முழங்காலில் இருந்துவிட்டார்.

என் கணவர் என் கையைப் பிடித்தார். "இது நடிப்பில்லை," என்றார்.

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. ஆத்தே நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. சிஞ்ஞோராவைப் பார்த்து, இத்தாலியனில், தெளிவாக, "அம்மா, உங்கடை கை நோகுதோ?" என்றார். கைதட்டல் கூடியது. "கொஞ்சம்," என்றாள் சிஞ்ஞோரா. அதற்கும் சிரித்தார்கள். பொன்நிறக் கையை ஆத்தேயிடம் கொடுத்தாள். இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

கழிவறையில் ஆத்தேயைக் கண்டேன். தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காதுத் துளையில் இருந்து ஒரு கோடாக இரத்தம் வந்திருந்தது. என் கைலேஞ்சியால் துடைத்துவிட்டேன்.

"உள்ளுக்குப் பஸ் ஓடுது," என்றார். "தலை சுத்துது. ஆனால் வசனம் சரியா வந்ததே?"

"வந்தது ஆத்தே."

"இத்தாலியன்லை சொல்லிப் பழகேல்லை. அப்ப வந்த மாதிரிச் சொன்னனான்."

வைத்தியரிடம் போக வேண்டும் என்றேன். சிஞ்ஞோரா வியாழக்கிழமை பின்னேரத்துக்கு முன் விடமாட்டாள் என்றார். அப்படியேதான் நடந்தது. அதற்கிடையில் தினமும் அவளைக் குளிப்பாட்டியதில் காதுக்குள் தண்ணீர் போய்ச் சீழ் கட்டிவிட்டது. வெளிநாட்டவரை இலவசமாகப் பார்க்கும் ஒரு வைத்தியரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது, எப்படி நடந்தது என்று அவர் கேட்டார். ஆத்தே என்னைப் பார்த்துவிட்டு, "படம் நடிச்சனாங்கள்," என்றார். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சீழ் காய்ந்தது. அந்தக் காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பி வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. முறையிட வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் தட்டில் இருந்து கையை எடுக்காமல் கேட்டார்:

"குவெஸ்தூராவிலை பொலிசிட்டைப் போய் என்னெண்டு சொல்லப்போறீர்? மண்டபம் முழுக்கச் சாட்சி. எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினவை. நானும் நீரும் அங்கை நிண்டனாங்கள். அவவின்ரை விசாப் பெர்மெஸ்ஸோவுக்குக் கையெழுத்துப் போடுறது ஆர்?"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்டுமில்லை. சாப்பிடும்."

தலைவியும் இன்னும் இரண்டு பெண்களும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆத்தேயைப் பார்க்க வந்தார்கள். சிஞ்ஞோரா மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். சமையலறையில் மெதுவாகக் கதைத்தார்கள். பிறகு ஆத்தே எனக்கு அதைச் சொன்னார். அன்று சிஞ்ஞோராவுக்கு நல்ல சந்தோஷமாம். அடுத்த வருட விழாவுக்குப் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கித் தருவதாகச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறாளாம். தயவுசெய்து அதைக் குழப்ப வேண்டாமாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பழத்துக்கு நன்றி எண்டு சொன்னனான்."

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் மோசமான மாதங்கள். ஆத்தேக்கு மணி கேட்பதில்லை. இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். சிஞ்ஞோரா அதற்கும் கையைக் கேட்டாள். "நான் கூப்பிட்டனான். வேணுமெண்டு வராமல் நிக்கிறாய். கையைத் தா." நான் ஒருநாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, அவவுக்குக் காது கேட்காது, நீங்கள் அடித்ததில் போனது என்று சொல்லிவிட்டேன். சிஞ்ஞோரா என்னை வியப்போடு பார்த்தாள். "நானோ? அது நாடகம்," என்றாள். "அவள்தானே எப்பிடி அடிக்கிறதெண்டு எனக்குச் சொல்லித் தந்தவள்."

உயிர்த்த ஞாயிறுக்கு முன்னமே, செவிடியை வைத்துக்கொண்டு தன்னால் சமாளிக்க முடியாது என்று ஆத்தேயை நிற்பாட்டினாள். அவருடைய இடத்துக்கு வந்தவளைத் தேடிக் கொடுத்தது தலைவிதான். நானும் கொஞ்சநாளில் வேறு வேலை பார்த்துக்கொண்டேன். பிறகு சிஞ்ஞோரா செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன். சும்மா, படுக்கையில், நித்திரையில் செத்தாளாம். பிள்ளைகள் எல்லோரும் பக்கத்தில் இருந்தார்களாம்.

ஆத்தேக்கு பலெர்மோவுக்கு வெளியே பகேரியாவில் ஒரு பெரிய குடும்பத்தில் சமையல் வேலை கிடைத்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டே இருக்கிற வீடு. பாதி கேட்காதது நல்லது என்று சொல்லிச் சிரிப்பார். அடுத்த நத்தார் விழாவுக்கு ரயிலில் வந்தார். நானும் போனேன். புதுத் தொலைக்காட்சி மேடையில் நின்றது. சிறந்த அடிக்கான விருது அந்த வருடமும் இருந்தது. படங்களில் வந்த அறைகளையெல்லாம் வரிசையாகப் போட்டுக் காட்டி வாக்கெடுத்தார்கள். வென்ற காட்சியை இரண்டு பெண்கள் மேடையில் செய்து காட்டினார்கள். ஒருத்தி மற்றவளின் கன்னத்தில் லேசாகத் தட்டினாள். சனத்துக்குக் காணவில்லை. "போன வருசம் மாதிரி இல்லை," என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சலித்துக்கொண்டாள். எல்லோரும் திரும்பி ஆத்தேயைப் பார்த்தார்கள். ஆத்தே எழும்பி நின்று, மேடையில் நிற்பவரைப்போலத் தலையைத் தாழ்த்தி வணக்கம் சொன்னார்.

தலைவி தன் தங்கச்சியிடம் மிலானுக்குப் போய்விட்டார். புதுத் தலைவியாக ஆத்தேயைத் தெரிந்தெடுத்தார்கள். அவரைத்தான் எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது தடவை போனபோது, அந்த விருதை இனி வைக்கமாட்டார் என்றே நம்பிப் போனேன்.

விழாவை அவர் திறமாக நடத்தினார். இரண்டு வருடமாக நூடில்ஸ் காணாமல் போகிற சண்டைகூட அந்த வருடம் இல்லை. சிறந்த நடிகைக்கு அவரே பதிலாக வந்து அழுதார். உண்மையான அழுகை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அந்த மேடை கண்டது. அதன் பிறகு, "இப்ப எல்லாரும் காத்திருக்கிற விருது," என்றார்.

மேடைக்கு ஏற்றியது அந்த இலையுதிர் காலத்தில் வந்திறங்கிய ஒரு பெண்ணை. இருபது வயது இருக்கும். இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது, யாரையும் தெரியாது. நின்ற இடத்தில் சிரித்துக்கொண்டே நடுங்கினாள். எசமானியாக ஆத்தே நின்றார். கையை வீசினார். அருமையான வீச்சு. விரல் தொடவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு முகத்தைத் திருப்பத் தெரியவில்லை. கை போய் முடிந்த பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் இருந்து ஒருத்தி, "உண்மையா," என்றாள். அந்தச் சொல் அவர்களுடைய பாஷையில் என்னவென்று எனக்கு அதற்குள் தெரியும். இன்னும் சிலர் சொன்னார்கள். பிறகு கைதட்டித் தாளத்தோடு எல்லோரும் சொன்னார்கள்.

ஆத்தே அவர்களைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் தாடையை விரலால் பிடித்து முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். பிறகு அறைந்தார்.

அவள் விழவில்லை, மேடையில் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. மண்டபம் கூரை பிய்யக் கத்தியது. அவள் நாலு பக்கமும் பார்த்தாள். எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று விளங்கியதும் திரும்பச் சிரித்தாள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஆத்தேயின் வலப்பக்கம் இருந்தேன். நல்ல காது அந்தப் பக்கம்.

"ஏன் ஆத்தே அந்தப் பிள்ளைக்கு உண்மையா அடிச்சனீங்கள்?"

"முதல் தரம் சனம் சிரிக்கேல்லை. நீ பாத்தனிதானே."

"சிரிக்காட்டில் என்ன?"

"நீ மேடையிலை நிண்டதில்லை, தங்கச்சி."

"உங்களுக்கு அப்பிடிச் செய்ததை மறந்திட்டீங்களோ? இப்ப நீங்கள்தானே தலைவி. அந்த விருதை விட்டிருக்கலாம்."

அவர் கோபப்படவில்லை. சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று சொல்பவரைப்போலச் சொன்னார். "விட்டால் அடுத்த வருசம் வேறை ஒருத்தியைத் தலைவியாக்குவினம். அவ திரும்ப வைப்பா. ஒரு காதைக் குடுத்துக் கிடைச்ச இடம். அதைச் சும்மா விடச் சொல்லுறியோ?"

பஸ் வளைந்தபோது அவர் என் கையைத் தட்டினார்.

"காதிலை படாமல் கன்னத்திலை மட்டும்தான் அடிச்சனான். எனக்கு அடிக்கத் தெரியும்," என்றார். குரலில் பெருமை இருந்தது.

அதோடு நான் விழாவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஆத்தேயையும் பிறகு காணவில்லை. பகேரியாவில் இருந்து வருகிறவர்கள் அவர் நன்றாக இருக்கிறார் என்பார்கள். மணிலாவின் நிகழ்ச்சிகளைச் செய்மதியில் நேரடியாகப் பார்க்கும் வசதி வந்ததும் கசெட்டுகளுக்கு மதிப்புப் போய், மண்டபத்துக்கு ஆட்கள் வருவது குறைந்துவிட்டது என்றும் சொன்னார்கள்.

தொண்ணூறுகள் முடிகிற நேரத்தில் ஒருநாள், விசாக் கடதாசி புதுப்பிக்கும் குவெஸ்தூரா வரிசையில், ஆத்தே மேடையில் அறைந்த அந்தப் பெண்ணைக் கண்டேன். இடையில் பிறந்த என் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன், மகளுக்குக் காய்ச்சல். அவள்தான் என்னை அடையாளம் கண்டாள். இப்போது சிசிலிக்காரி மாதிரி இத்தாலியன் கதைத்தாள். லிபெர்த்தாவில் நல்ல வீடு, இரண்டு பேர்தான், வேலை குறைவு என்றாள். நான் கேட்காமலே அன்றைய நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

"அண்டைக்கு முதல் என்ரை பேர்கூட ஒருத்தருக்கும் தெரியாது. மேடையாலை இறங்கினதும் எல்லாரும் வந்து கதைச்சவை. இந்த வேலையும் அண்டைக்கு வந்த ஒருத்திதான் எடுத்துத் தந்தவா."

"நோகேல்லையோ?"

"நொந்ததுதான். ரெண்டு நாள் சாப்பிட ஏலாமல் கிடந்தது." யோசித்துவிட்டுச் சொன்னாள். "போன வருசம் வேறை ஒரு பிள்ளை வந்தவள். அவளை மேடைக்கு ஏத்தேக்கை, எசமானியா நிண்டு அடிச்சது நான்தான்."

பிறகு என் மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறது, வீட்டுக்குக் கொண்டுபோய் ஈரத்துணி போடுங்கள் என்றாள். உள்ளே இருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பைக்குள் கடதாசிகளைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள்.